பம்பைத் திறக்கும் முன் ஏர் ஃபில்டரைப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கோடை சீசன் வந்துவிட்டால் மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குச் சுற்றுலா வேன்கள் வரிசை கட்டி ஏறும். அவற்றில் டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத பழைய டீசல் வேன்கள் இரண்டாம் கியரில் திணறிக்கொண்டு, பின்னால் வருபவர் முகத்தில் கரியை அடித்தபடி போவதைப் பார்க்கிறோம். "பிக்கப் இல்லை, புகை தள்ளுகிறது" என்று பட்டறையில் விட்டால் முதலில் கழற்றப்படுவது டீசல் பம்பும், டீசலைப் பீய்ச்சும் நாசிலும்தான். செலவு ஆயிரக்கணக்கில் போகிறது. ஆனால் கோளாறு பல வண்டிகளில் காற்று போகும் வழியில் இருக்கிறது.

டீசல் எஞ்சினில் ஆக்சிலேட்டர் கூட்டிக் குறைப்பது டீசலை மட்டுமே. காற்று எவ்வளவு வந்தது என்பது பழைய மெக்கானிக்கல் பம்புக்குத் தெரியாது. மிதித்த அளவுக்கு டீசலை அனுப்பிவிடும். ஒரு லிட்டர் டீசல் எரியக் குறைந்தது 10,000 லிட்டர் காற்று வேண்டும். 2,400 சி.சி. எஞ்சின் 3,000 ஆர்.பி.எம்.மில் நிமிடத்துக்குச் சுமார் 3,000 லிட்டர் காற்றை இழுக்கிறது. அந்த வழியில் அடைப்பு வந்தால் எரியாத டீசல் கரியாக வெளியே வரும். எஞ்சின் சூடும் ஏறும். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். சமவெளியைவிட அங்கே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதனால் கோவையில் சுத்தமாக ஓடும் வண்டிகூடக் குன்னூர் தாண்டியதும் கொஞ்சம் புகையத்தான் செய்யும். அங்கே கியரைக் குறைத்து, காலைத் தளர்த்தி ஏற்றுவதே சரி. பம்பில் டீசலைக் கூட்டி வைத்தால் புகைதான் கூடும்.

அடைப்பை அளக்க விலை கூடிய கருவி தேவையில்லை. கொத்தனார் மட்டம் பார்க்கும் கண்ணாடி டியூப் மூன்று மீட்டர் போதும். அதைப் பலகையில் யு வடிவில், இரு பக்கமும் ஒரு மீட்டருக்குக் குறையாத உயரம் வைத்துக் கட்டி, பாதிவரை சாயத் தண்ணீர் ஊற்றுங்கள். உயரம் குறைந்தால் தண்ணீரை எஞ்சின் இழுத்துவிடும். ஒரு முனையை ஃபில்டருக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள ஹோஸில் காற்று ஒழுகாமல் செருகி, மறுமுனையைத் திறந்து விடுங்கள். நியூட்ரலில் சில விநாடி முழு ரேஸ் கொடுத்தால் இரு பக்க நீர்மட்டமும் விலகும். நல்ல ஃபில்டரில் 10 முதல் 20 செ.மீ. வித்தியாசம் வரும். 50 செ.மீ.யைத் தொட்டால் ஃபில்டரை மாற்ற வேண்டியதுதான். (டர்போ வண்டியில் லோடு இல்லாமல் எடுக்கும் இந்த அளவு செல்லாது.)

ஃபில்டரைக் கம்ப்ரஸரில் ஊதுவதில்தான் பெரிய தவறு நடக்கிறது. டயருக்கு அடிக்கும் அதே வேகத்தில், அதுவும் வெளிப்பக்கமிருந்து ஊதுகிறார்கள். காகிதத்தில் ஊசித் துளை விழுந்துவிடுகிறது. 30 பி.எஸ்.ஐ.க்கு மேல் வைக்காமல் உள்ளிருந்து வெளியே ஊத வேண்டும். தரையில் தட்டவே கூடாது. விளிம்பு நசுங்கினால் ரப்பர் உட்காராது. ஊதிய பின் இருட்டில் ஃபில்டருக்குள் டார்ச்சை விட்டுச் சுற்றிப் பாருங்கள். எங்காவது புள்ளியாக வெளிச்சம் தெரிந்தால் அதைத் தூக்கி எறியுங்கள்.

ஃபில்டருக்குப் பிறகு உள்ள ஹோஸின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி மண் நிறமாகக் கூடாது. மண் வந்தால் கிளிப் தளர்ந்திருக்கும், அல்லது ஹோஸின் மடிப்புக்குள் வெடித்திருக்கும். அந்த வெடிப்பு வளைத்துப் பார்த்தால்தான் தெரியும். அந்தத் தூசிதான் பிஸ்டன் ரிங்கையும் லைனரையும் (சிலிண்டரின் உட்சுவர்) தேய்த்துக் கம்ப்ரஷனைக் கெடுக்கிறது. ஃபில்டரைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டினால் பிக்கப் வரும் என்பவர்கள் இந்த எஞ்சின் செலவையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வெளிக்காற்று கொண்டுவரும் முன்குழாய் உடைந்திருந்தாலும் கவனிக்க வேண்டும். எஞ்சின் அருகிலுள்ள வெப்பக் காற்றை இழுத்தால், 10 டிகிரி கூடுதலுக்கு 3 சதவீதம் அடர்த்தி போகிறது.

ஆயில் உள்ள பழைய மாடல் ஃபில்டர் என்றால் கோடு வரைதான் ஆயில் ஊற்ற வேண்டும். குறைந்தால் தூசி உள்ளே போகும். கூடினால் ஆயிலையே எஞ்சின் இழுத்து எரிக்கும். சாவியை அணைத்தாலும் நிற்காமல் ஓடும் ஆபத்து அது.

பி.எஸ்.-4 என்ற மாசு விதிக்கு முந்தைய டீசல் வண்டிகளுக்குப் புகை வரம்பு 65 எச்.எஸ்.யூ. (புகையின் அடர்த்தியை அளக்கும் அலகு). இதைத் தாண்டும் வண்டிக்குத் "தேறவில்லை" என்று மட்டும் சொல்லி அனுப்பாமல், முதலில் ஏர் ஃபில்டரையும் ஹோஸையும் பார்த்துவரும்படி புகைச் சோதனை மையங்கள் எழுதிக் கொடுக்க வேண்டும். எஃப்.சி. (வாகனத் தகுதிச் சான்று) பார்க்கும் அதிகாரிகள், குறிப்பாகப் பள்ளி வேன்களில், ஃபில்டர் மூடியைத் திறந்து பார்ப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். இரண்டு நிமிட வேலைதான் அது.

– டீசல் வண்டி மெக்கானிக், மேட்டுப்பாளையம்