சந்தோக்காவுக்குச் சோறிட்டவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள பெரியவர்களுக்கு,

நீங்கள் யாரும் இன்று உயிரோடு இல்லை. ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. ஊர் ஊராக நடந்து பிச்சையெடுத்து வாழ்ந்த ஜப்பானியக் கவிஞர் தனேதா சந்தோக்காவின் ஹைக்கூக்களில் ஆறுதல் தேடிக்கொண்டவர்களில் நானும் ஒருவன். அவரைப் பாராட்டி எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவருக்குச் சோறு போட்டு உயிரோடு வைத்திருந்தவர்கள் நீங்கள்.

முதல் நன்றி அந்த டிராம் ஓட்டுநருக்கு. 1924 டிசம்பரில் குமாமோட்டோ நகரத்தில், குடிபோதையில் தண்டவாளத்தில் வந்து நின்ற 42 வயது மனிதரை மோதாமல் வண்டியை நிறுத்தினீர்கள். யாமாகுச்சி மாகாணத்து ஹோஃபுவில் வசதியான வீட்டில் பிறந்தவர் அவர். பத்து வயது நிறையும் முன்பே அம்மா வீட்டுக் கிணற்றில் விழுந்து உயிரை விட்டார். குடும்பத்தின் மது காய்ச்சும் தொழில் 1916இல் திவாலானது, அப்புறம் தம்பியும் தற்கொலை செய்துகொண்டார். அன்று அவரை ஹோஓன்ஜி என்ற ஜென் பௌத்தக் கோயிலுக்குக் கூட்டிப்போனவருக்கும், உள்ளே சேர்த்துக்கொண்ட குரு மொச்சிசூக்கி கியான் அவர்களுக்கும் என் வணக்கம். அடுத்த வருடமே அவரைத் துறவியாக்கி, கருணைத் தெய்வமான கன்னோனின் சிறு கோயில் ஒன்றைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பையும் கொடுத்தீர்கள்.

அங்கே அவர் நிலைக்கவில்லை. 1926 ஏப்ரலில் நடக்கத் தொடங்கினார். கியூஷு, ஷிக்கோக்கு தீவுகளில் வாசல் வாசலாக நின்று மந்திரம் ஓதியவரின் பிச்சை ஓட்டில் ஒரு பிடி அரிசியோ ஒரு காசோ போட்ட தாய்மார்களே, உங்களை எப்படி மறப்பது? தங்கிய மலிவு விடுதியின் பெயர், வாடகை, அது நல்லதா மட்டமா என்பது வரை அவருடைய நாட்குறிப்பில் இருக்கிறது. 'இரும்பு ஓட்டுக்குள்ளும் ஆலங்கட்டி' என்ற அவரது வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நீங்கள் போட்ட அரிசிதான் நினைவுக்கு வருகிறது. ஹைக்கூவுக்கு வழக்கமான 5-7-5 அசைக்கணக்கும், பருவகாலத்தைக் குறிக்கும் சொல்லும் வேண்டாம் என்று எழுதியவரைத் தன் 'சோவுன்' இதழில் தொடர்ந்து வெளியிட்ட ஆசிரியர் ஒகிவாரா செய்சென்சுய் அவர்களுக்கும் நன்றி.

கிமுரா ரியோக்குஹெய் ஐயா, உங்களுக்குத் தனியாகவே ஒரு கடிதம் எழுதலாம். ஃபுகுவோகாவின் நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் மருத்துவம் பார்த்துக்கொண்டு, சிட்டுக்குருவிகளைப் பற்றி ஹைக்கூ எழுதிக்கொண்டிருந்தவர் நீங்கள். அவருடைய குடிக்கடனை அடைக்கவும் நீங்கள் பணம் கொடுத்தீர்கள். சந்தோக்கா 1930இல் தன் பழைய நாட்குறிப்புகளை எல்லாம் எரித்துவிட்டார். அதற்குப் பிறகு எழுதி முடித்த நோட்டுகள் உங்களிடம் வந்து சேர்ந்தன. நீங்கள் பத்திரப்படுத்தாமல் போயிருந்தால் இந்தக் கவிஞரின் அன்றாடம் என்று நமக்கு ஒன்றுமே மிஞ்சியிருக்காது. கவிதை எழுதுவதற்கு இணையான வேலை இது என்றே நான் சொல்வேன்.

ஒகோரியில் பாழடைந்து கிடந்த கூரைவீட்டைக் கண்டுபிடித்து, 1932இல் அவரைக் குடியமர்த்திய நண்பர்களே, அந்தக் கோச்சூ-ஆன் குடிலில்தான் அவர் சில வருடங்கள் ஓரிடத்தில் இருந்தார். அவருடைய நண்பரான ஓயாமா சுமிதா ஐயா, அங்கே போன உங்களுக்கு, இருந்த ஒரே கிண்ணத்தில் சோறு போட்டார். இருந்த ஒரே படுக்கையையும் தந்துவிட்டு இரவெல்லாம் உட்கார்ந்திருந்தார். நீங்கள் சொன்னதால்தானே இது எங்களுக்குத் தெரியும்! அவர் மறைந்த பிறகும் அவருடைய எழுத்தைப் பதிப்பித்தீர்கள்.

ஷிக்கோக்குவின் மட்சுயாமா நகரத்து நண்பர்களுக்கும், குறிப்பாகத் தக்காஹாஷி இச்சிஜுன் அவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 1939 டிசம்பரில் அவருக்கு இஸ்ஸோ-ஆன் குடிலை ஏற்பாடு செய்தவர்கள் நீங்கள். 1940 அக்டோபர் 10 இரவு அங்கே ஹைக்கூக் கூட்டம் நடத்திக்கொண்டிருந்தபோது, பக்கத்து அறையில் படுத்திருந்தவரைக் குடித்துவிட்டுத் தூங்குகிறார் என்று நினைத்தீர்கள். விடியுமுன் போய்விட்டார், 57 வயதில். அதற்காக உங்களை யாரும் குறை சொல்ல முடியாது. யாருக்கும் பாரமில்லாமல் சட்டென்று போக வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. நண்பர்களின் பேச்சுச் சத்தம் கேட்கும் தூரத்தில் அது நிறைவேறியது.

அவருடைய மனைவியாக இருந்த சகினோ அம்மா, உங்களைப் பற்றி யாரும் சுவையான கதை சொல்வதில்லை. 1920இல் மணவிலக்கு ஆன பிறகும் குமாமோட்டோவில் படச்சட்டம் விற்கும் கடையை நடத்தி மகனை வளர்த்தீர்கள். நடந்து களைத்து அவர் வந்து நின்றபோது கதவைத் திறந்தீர்கள். மகன் கென் வேலைக்குப் போன பிறகு அப்பாவுக்குப் பணம் அனுப்பினார். மற்றவர்கள் ஒரு கவிஞருக்கு உதவினார்கள். நீங்கள் இருவரும் உங்களை விட்டுப்போன ஒருவருக்கு உதவினீர்கள். இந்த நன்றியில் பெரும்பங்கு உங்களுக்கே.

அன்புடன்,
சந்தோக்காவின் வாசகன்