பழவேற்காடு கடலோரக் குப்பம்: 2024-25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர், பொருளாளர், ஊர்ப் பெரியவர்கள், மகளிர் குழுத் தாய்மார்கள், உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

ஆடியில் அம்மனுக்குக் கூழ் வார்த்ததும், டிசம்பர் 26 சுனாமி நினைவு நாளில் கடலில் பால் ஊற்றியதும் வழக்கம்போல் நடந்தன. ஜனவரி 29-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 100-வது ராக்கெட் ஏவப்பட்டபோது தொழிலுக்குப் போகக்கூடாது என்ற அறிவிப்பு ஒலிபெருக்கியில் சொல்லப்பட்டது. முகத்துவாரம் தூர்ந்தது பற்றி மனு கொடுத்திருக்கிறோம்.

மற்றபடி இந்த ஆண்டு சங்கத்தின் வேலை மணல்மேட்டில்தான். ஆயிரம் குறை இருக்க மணலுக்கா பணம் என்று கேட்டவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கிழக்கே கடல், மேற்கே ஏரி, இரண்டும் உப்பு. நம் கிணறுகளில் ஊறுவது மேட்டில் இறங்கிய மழைத் தண்ணீர். அது எடை குறைந்தது என்பதால் உப்புத் தண்ணீரின் மேல் நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நல்ல தண்ணீர் இருந்தால் அதன் கீழே ஏறத்தாழ 40 அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது கணக்கு. மேலே ஓர் அடி இறங்கினால் கீழிருந்து உப்பு அதே கணக்கில் ஏறும். அதனால்தான் ஆழ்துளை போடாதீர்கள் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்கிறோம். ஆழப் போகப் போக உப்பு கிட்டே வருகிறது. உறைக்கிணறு தண்ணீர் கண்ட பிறகு இரண்டு உறை இறங்கினால் போதும். அரை எச்.பி.க்கு மேல் மோட்டார் வேண்டாம். காலையும் மாலையும் கொஞ்ச நேரம் ஓட்டி நிறுத்த வேண்டும். ஒரே மூச்சில் இறைத்தால் கிணற்றடியில் உப்பு கூம்பாக எழும்பும்; மோட்டாரை நிறுத்தினாலும் சீக்கிரம் இறங்காது, அடுத்த மழைக்காலம் வரை காத்திருக்க வேண்டும். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் சங்கத்து டி.டி.எஸ். மீட்டர் பொருளாளர் வீட்டில் இருக்கிறது. 500-க்குள் இருந்தால் நல்லது. 2000-ஐத் தாண்டினால் அந்தக் கிணறு பாத்திரம் கழுவத்தான் ஆகும்.

மேடு ஏன் கரைகிறது என்பது தொழிலுக்குப் போகும் எல்லோருக்கும் தெரியும். தெற்கிலிருந்து வடக்கே ஓடும் தெண்டி நீரோட்டம் மணலைக் கொண்டுவரும், வடக்கிலிருந்து தெற்கே ஓடும் வன்னி அதில் கொஞ்சத்தைத் திருப்பி எடுத்துப்போகும். தெற்கே துறைமுகச் சுவர்கள் வந்த பிறகு வரவு குறைந்தது, எடுப்பது குறையவில்லை. அதை நம்மால் நிறுத்த முடியாது. காற்று தூக்கி வரும் மணலைப் பிடித்து வைப்பது நம்மால் முடியும்.

சித்திரையில் பனை ஓலைப் படல் கட்டினோம். தரைக்கு மேல் மூன்றடி, மண்ணுக்குள் ஒன்றரை அடி. ஓலையை நெருக்கிக் கட்டக்கூடாது. பாதிக்குப் பாதி இடைவெளி வேண்டும். காற்று வேகம் தணிந்து நுழைந்தால்தான் மணல் உதிரும். அடைத்துக் கட்டிய இடங்களில் காற்று அடியில் சுழன்று பள்ளம் பறித்தது, படல் சாய்ந்தது. வெயில் கால மதியக் கடற்காற்றில்தான் காய்ந்த மணல் பறக்கும் என்பதால் படல் அதற்கு முன்பே நிற்க வேண்டும். புரட்டாசிக் கடைசியில், மழைக்கு முன்னால், முன்வரிசையில் இராவணன் மீசைப் புல்லையும் பின்னால் அடம்புக் கொடியையும் நட்டோம். அடம்பு ஒன்றரை அடித் துண்டு, நாலைந்து கணுவோடு, மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் போக வேண்டும். கணு வெளியே நின்றால் வேர் விடாது. சவுக்கு மரத்தைக் கரையோரம் நட வேண்டாம் என்று நாங்கள் சொன்னது, ஆமை முட்டையிடும் இடத்தை அது அடைத்துவிடும் என்பதற்காக.

ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரிப் பக்கம் கரையேறியது. அந்த அலையில் நட்ட இடம் பெரும்பாலும் நின்றது. உடைந்தது, படகு இழுக்கச் சிலர் நேராக வெட்டிய வழியில். நேர்வழியில் காற்றும் புகும், அலையும் புகும். அலை உள்ளே வந்து தேங்கினால் உப்பு மேலிருந்தே கிணற்றில் இறங்கும். வழி சாய்வாகத்தான் இருக்க வேண்டும் என்று கூட்டத்தில் முடிவெடுத்துக் கையெழுத்தும் போட்டிருக்கிறோம். கையெழுத்துப் போட்டவர்களே வெட்டியதுதான் வருத்தம். மனை மேடாக்க மேட்டு மண்ணை அள்ளியவர்களும் இருக்கிறார்கள். பெயர் எழுதவில்லை, அவர்களுக்கே தெரியும். ஞாயிறுகளில் பாலம் தாண்டி வரும் சுற்றுலா வண்டிகள் கொடிமேல் ஏறுவதையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

நடவு நாளில் வீட்டுக்கு ஓர் ஆள் என்பது தீர்மானம். பெண்களும் பள்ளிப் பிள்ளைகளும் வந்தார்கள். ஆண்களில் பலர் வலை வேலை என்றார்கள். வலை வேலை எல்லோருக்கும் உண்டு. சந்தாவும் அப்படியே: தொடர்ந்து கட்டுகிறவர்கள் கட்டுகிறார்கள், பழைய பாக்கி பாக்கியாகவே நிற்கிறது. கிணறு சரியில்லை என்று முதலில் வந்து நிற்பது பாக்கி வைத்தவர்கள்தான்.

வரவு செலவு பொருளாளரால் சரிபார்க்கப்பட்டது. ஓலை, கயிறு, மீட்டர், கூலி போகக் கையிருப்பு சொற்பம். கணக்கு நோட்டை யாரும் பார்க்கலாம்.

ஓலை வெட்டிக் கொடுத்தவர்களுக்கும், டிராக்டர் தந்தவருக்கும், தலைவருக்கும், நிர்வாகக் குழுவுக்கும் நன்றி.

வடக்குப் பக்கம் இன்னும் படல் இல்லை. அடுத்த மழைக்குள் அதை முடிக்காவிட்டால் அந்தப் பக்கத்துக் கிணறுகளுக்கு என்னால் உறுதி சொல்ல முடியாது. செயலாளர் பொறுப்பை ஏற்க விருப்பமுள்ள இளைஞர்கள் இருந்தால் மகிழ்ச்சியோடு ஒப்படைக்கிறேன். இல்லையென்றால் வேலையைத் தொடரத் தயார், ஆள் வருவார்கள் என்றால். வடக்குப் பக்க வேலைக்குப் பெயர் கொடுப்பவர்களும் பாக்கி கட்டுபவர்களும் இன்றே கூட்டம் கலைவதற்குள் பொருளாளரைப் பார்க்கவும்.

இப்படிக்கு,
செயலாளர்