இறங்கும் நாளுக்குத்தான் கணக்கு வேண்டும்

அன்புள்ள செல்விக்கு,

அப்பா எழுதுவது. ஆகஸ்ட் லீவுக்கு மஸ்கட்டிலிருந்து வரும்போது, இங்கே சென்னையிலிருந்து கப்பல் ஏறி இலங்கைப் பக்கம் பிள்ளைகளோடு போய்வரலாம் என்று மாப்பிள்ளை சொன்னார். தாராளமாகப் போய்வாருங்கள். ஃபோனில் சொன்னால் பாதி மறந்துபோகும் என்பதால் எழுதியே அனுப்புகிறேன்.

டிக்கெட்டுக்கு முன்னால் பாஸ்போர்ட்டை எடுத்துப் பார். உங்கள் இருவருடையதும் 10 வருஷத்துக்கு. பிள்ளைகளுடையது 5 வருஷத்துக்குத்தான். நிறைய குடும்பங்கள் இதில்தான் மாட்டிக்கொள்கின்றன. ஊர் திரும்பும் தேதிக்கு மேல் 6 மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும். இல்லையென்றால் அங்கேயே புதுப்பித்துவிடு. இலங்கைக்குள் இறங்குவதற்கான அனுமதி விதி அடிக்கடி மாறுகிறது. கப்பல் பயணிக்கு என்ன வேண்டும் என்று புக் பண்ணும்போதே கேட்டு, பதிலை மெயிலில் வாங்கி வைத்துக்கொள்.

சென்னையிலிருந்து இலங்கைக்குச் சொகுசுக் கப்பல் 2023 ஜூனில் தொடங்கியது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று அன்றைக்கு ரூட் போட்டார்கள். எந்த ஊர் உண்டு, எது இல்லை என்பது சீசனுக்குச் சீசன் மாறும். பிள்ளைகளைக் கடலில் இறக்க வேண்டுமென்றால் திருகோணமலை இருக்கிற ரூட்டாகப் பார். ஆகஸ்டில் காற்று தென்மேற்கிலிருந்து அடிக்கும். அம்பாந்தோட்டை தெற்குக் கரையில் இருப்பதால் அலை நேராக வந்து மோதும்; அங்கே கரையில் நின்று வேடிக்கை பார்க்கலாம், அவ்வளவுதான். திருகோணமலை கிழக்குக் கரை. நடுவில் தீவு முழுக்க மறைப்பாக நிற்கிறது, அதனால் மே முதல் செப்டம்பர் வரை அங்கே கடல் அடங்கிக் கிடக்கும். நம் ஊரில் மழை பிடிக்கிற ஐப்பசி, கார்த்திகையில் இது அப்படியே தலைகீழாகிவிடும்.

கட்டணத்தில் மூன்றாவது, நான்காவது ஆளுக்குச் சலுகை என்று பெரிய எழுத்தில் போடுவார்கள். துறைமுகக் கட்டணம், ஜி.எஸ்.டி., ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு இவ்வளவு என்கிற சேவைக் கட்டணம் எல்லாம் பிள்ளைகளுக்கும் உண்டு. எல்லாம் சேர்த்த தொகையைக் கேள். அலை அதிகம் என்று கேப்டன் ஒரு ஊரை விட்டுவிட்டுப் போனால், சாதாரணமாக அந்த ஊரின் துறைமுகக் கட்டணம் மட்டும்தான் திரும்ப வரும்.

கேபின் கீழ் டெக்கில், கப்பலின் நடுப்பகுதியில் கிடைத்தால் நல்லது. மேலேயும், முன்னே பின்னேயும் போகப் போக ஆட்டம் கூடும். நாலு பேர் கேபினில் இரண்டு படுக்கை சுவரிலிருந்தோ கூரையிலிருந்தோ இறங்கும். கதிருக்கு நாலு வயசுதான், மேல் படுக்கை வேண்டாம். யாழினி ஏறிக்கொள்ளட்டும், தடுப்புக் கம்பி இருக்கிறதா என்று மட்டும் பார். பால்கனி கேபினாக இருந்தால் நாற்காலியைக் கம்பிப் பக்கம் ஒருநாளும் போடாதே. ஜன்னல் இல்லாத கேபின் விலை குறைவு, ஆனால் விளக்கை அணைத்தால் கும்மிருட்டு. ஒரு சின்ன பேட்டரி விளக்கு எடுத்துக்கொள். கெட்டில், அயர்ன் பாக்ஸ், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இவற்றைப் பெரும்பாலும் ஸ்கேனிங்கிலேயே எடுத்து வைத்துவிடுவார்கள்.

குமட்டலைப் பற்றி. துறைமுக வாயைத் தாண்டியதும் ஆட்டம் தெரிய ஆரம்பிக்கும். வாந்தி வந்தபிறகு மாத்திரை கொடுத்தால் அது வயிற்றில் தங்காது, அதனால் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கொடுக்க வேண்டும். நம் கடைகளில் கிடைக்கும் அவோமின், புரோமெத்தசின் வகை. இரண்டு வயசுக்குக் கீழே கூடவே கூடாது. உன் பிள்ளைகளுக்கு எடைக்கு ஏற்ற அளவை டாக்டரிடம் எழுதி வாங்கு. தூக்கம் வரும், வாய் உலரும். வெறும் வயிறாக விடாதே. இரண்டு பிஸ்கட், கொஞ்சம் சாதம் உள்ளே இருந்தால் குமட்டல் குறையும். தலை சுற்றுகிறது என்றால் கேபினில் படுக்க வைத்து டேப்லெட்டைக் கையில் கொடுக்காதே, அது இன்னும் மோசமாக்கும். மேலே கூட்டிப்போய் தூரத்தில் கடலும் வானமும் சேரும் இடத்தைப் பார்க்கச் சொல்.

ஏறுகிற நாளில் துறைமுகத்துக்கு முன்னால் ராஜாஜி சாலையில் லாரி நெரிசல் எப்படியிருக்கும் என்று உனக்கே தெரியும். வண்டி டெர்மினல் வரை போகுமா, கேட்டிலேயே இறங்க வேண்டுமா என்று முதல் நாளே கேட்டுக்கொள். பெரிய பெட்டிகளை வாங்கிக்கொள்வார்கள், அவை கேபினுக்கு வர சாயங்காலம் ஆகிவிடும். மருந்து, பாஸ்போர்ட், நீச்சல் உடை, ஒரு மாற்று உடை கைப்பையில் இருக்கட்டும். கிளம்புவதற்கு முன் பாதுகாப்புப் பயிற்சி நடக்கும், அதைத் தட்டிக் கழிக்க முடியாது. ஏழு சின்னச் சத்தம், பிறகு ஒரு நீளச் சத்தம் கேட்டால் எங்கே போய் நிற்பது என்று யாழினியையே சொல்லச் சொல். பிள்ளைகள் இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்வார்கள். கதிர் அளவுக்கு லைஃப் ஜாக்கெட் கேபினில் இல்லாவிட்டால் அப்போதே கேட்டு வாங்கு. துறைமுகம் தாண்டியதும் ஃபோன்களை ஃபிளைட் மோடில் போட்டுவிடு. கப்பலின் சிக்னலைத் தானாகப் பிடித்துக்கொண்டால் பில் தாங்காது.

கப்பலுக்குள் பெரிய கஷ்டமில்லை. கிட்ஸ் கிளப்பில் பெரும்பாலும் மூன்று வயசு முடிந்து, டயப்பர் இல்லாத பிள்ளைகளைத்தான் சேர்ப்பார்கள். நிறைய கப்பல்களில் நீச்சல் குளத்துக்கு லைஃப்கார்டு கிடையாது. பிள்ளைகள் தண்ணீரில் இருக்கும்வரை உங்களில் ஒருவர் கண் அங்கேயே இருக்க வேண்டும். கேபின் கதவு கனமானது, தானாகச் சாத்திக்கொள்ளும், விரலைப் பார்த்துக்கொள். கப்பலில் வாந்தி பேதி பரப்புகிற நோரோ வைரஸுக்குச் சானிடைசர் அவ்வளவாக வேலை செய்யாது. பஃபேக்குப் போகும் முன் சோப்புப் போட்டு 20 வினாடி கழுவச் சொல்.

இனி இறங்குகிற நாள். எல்லாரும் கோட்டை விடுவது இங்கேதான். காலை 8 மணிக்கு வந்து மாலை 5-க்குக் கிளம்பும் என்று போட்டிருந்தால், ஒன்பது மணி நேரம் கையில் இருக்கிறது என்று நினைப்பாய். கணக்குப் போட்டுப் பார். இமிக்ரேஷன் முடிந்து ஆட்களை விட 9 ஆகும். லிஃப்ட் வரிசை, கடைசி நேர பாத்ரூம் எல்லாம் சேர்ந்து 9.30. நிலாவெளிக் கடற்கரை திருகோணமலை டவுனிலிருந்து 15 கிலோமீட்டருக்கு மேல். வேன் பிடித்துப் போய்ச் சேர 10.15. இந்தப் பக்கம், 5 மணிக் கப்பலுக்கு 4 அல்லது 4.30-க்குள் ஏறச் சொல்வார்கள். நீ 3-க்கே கேட்டில் இருக்க வேண்டும், அப்படியென்றால் கடற்கரையை விட்டு 2-க்குக் கிளம்ப வேண்டும். மிச்சம் நாலு மணி நேரம்கூட இல்லை, அதிலும் முக்கால்வாசி உச்சி வெயில். புறாத்தீவு, கோணேசர் கோயில், கன்னியா வெந்நீர் ஊற்று மூன்றையும் ஒரே நாளில் பார்க்கலாம் என்று வேன்காரர் சொல்வார். வேண்டாம். ஒரு ஊருக்கு ஒரு இடம் போதும்.

என்னைக் கேட்டால் நிலாவெளி வரைகூடப் போக வேண்டாம். உப்புவெளி டவுனுக்குப் பக்கம், அதே கடல், போக வர ஒரு மணி நேரம் மிச்சம். 12 வரை தண்ணீர், பிறகு நிழலில் சாப்பாடு, நேராகக் கப்பல். புறாத்தீவில் பவளப்பாறை அழகுதான், ஆனால் படகு, நுழைவுச் சீட்டு, காலைக் கிழிக்கும் பவளத் துண்டுகள், கதிர் வளரட்டும். காங்கேசன்துறை கிடைத்தால் கீரிமலை பக்கத்திலேயே இருக்கிறது. கடலை ஒட்டிய நன்னீர்க் கேணி, ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி.

கப்பல்காரர்களின் டூர் விலை கூடத்தான். அவர்கள் வண்டி தாமதமானால் கப்பல் நிற்கும். நீயாகப் பிடித்த வேன் பஞ்சரானால் நிற்காது. தினமும் கேபினுக்கு வரும் தாளில் அந்த ஊரில் கப்பலுக்காக வேலை பார்க்கும் ஏஜென்டின் நம்பர் இருக்கும், அதை ஃபோட்டோ எடுத்துவிட்டு இறங்கு. இலங்கை நேரமும் நம் நேரமும் ஒன்றுதான், அந்தக் குழப்பம் இல்லை.

தண்ணீரில் இறங்குமுன் ஐந்து நிமிஷம் நின்று அலையைப் பார். இரண்டு பக்கமும் அலை உடைந்து நுரைக்கும்போது, நடுவில் ஒரு பட்டை மட்டும் அமைதியாகத் தெரிந்தால், குளிக்க நல்ல இடம் என்று அங்கேதான் எல்லாரும் இறங்குவார்கள். கரைக்கு வந்த தண்ணீர் கடலுக்குத் திரும்பும் வழி அது. ஆளை இழுத்துக்கொண்டு போகும். இழுத்தால் எதிர்த்து நீந்தாமல் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும். கதிருக்கு முழங்கால் அளவு, உன் கை எட்டுகிற தூரம். சன்ஸ்கிரீனைக் கப்பலிலேயே தடவிவிடு, தண்ணீரிலிருந்து வந்ததும் மறுபடி தடவு. முதுகையும் காது மடலையும் விட்டுவிடாதே. சொறிமீன் (ஜெல்லி மீன்) பட்டால் மணலைப் போட்டுத் தேய்க்காமல் கடல் தண்ணீராலேயே கழுவு.

கடைசி ராத்திரி பெட்டிகளைக் கேபினுக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள். மறுநாள் போடுகிற உடையையும் செருப்பையும் எடுத்து வைத்துக்கொண்ட பிறகு பெட்டியை மூடு. சென்னையில் இமிக்ரேஷன், கஸ்டம்ஸ் முடிய மத்தியானம்கூட ஆகலாம். அன்றைக்கே மஸ்கட் ஃப்ளைட் போட வேண்டாம் என்று மாப்பிள்ளையிடம் சொல். ஒரு நாள் நம் வீட்டில் தங்கிவிட்டுக் கிளம்பலாம்.

அன்புடன்,
அப்பா