குப்புறப் போட்டால் அழுகிறானா?

கும்பகோணம்
பங்குனி

அன்புள்ள ராஜி,

நீ அனுப்பிய குரல்செய்தியில் உன் பேச்சைவிட உன் பேரனின் கூச்சல்தான் அதிகம் கேட்டது. ஃபோனில் பதில் சொன்னால் குறுக்கே குறுக்கே பேசுவாய், அதனால் எழுதுகிறேன். அமெரிக்காவில் உங்கள் எடிசன் ஊரில் இன்னும் குளிர் விடவில்லை என்கிறாய். இங்கே மொட்டைமாடியில் வடகம் காலையில் பிழிந்தால் சாயங்காலம் எடுத்துவிடலாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். டாக்டர் தினமும் குப்புறப் போடச் சொல்லியிருக்கிறார், போட்டதுமே வீறிடுகிறான், அதைப் பார்த்து உன் மகள் நித்யாவும் அழுகிறாள். அவ்வளவுதானே? சுகாதார நிலையத்தில் நான் பார்த்த குழந்தைகளில் பாதி இப்படித்தான். இரண்டு மாதக் குழந்தைக்குத் தலை மட்டுமே உடம்பில் ஏறக்குறைய கால்வாசி. அதைத் தூக்கிப் பிடிக்கிற வலு கழுத்துக்கு இன்னும் வரவில்லை. மூக்கு பாயில் போய் இடித்தால் அழாமல் என்ன செய்வான்?

தரையைக் கொஞ்ச நாளைக்கு விட்டுவிடுங்கள். நித்யா நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, அவனைத் தன் நெஞ்சின்மேல் குப்புறப் போட்டுக்கொள்ளட்டும். அதுவும் கணக்கில் சேர்த்திதான். அம்மா முகத்தைப் பார்க்க அவனே தலையை எக்குவான். மாப்பிள்ளை அவனை முன்கையில் குப்புறப் படுக்கவைத்து, தலையைத் தாங்கிக்கொண்டு வீட்டுக்குள் நடக்கலாம். உனக்கென்று ஒரு வேலை இருக்கிறது. காலை நீட்டி, கால்மேல் குப்புறப் போட்டு முதுகில் எண்ணெய் தேய்ப்போமே, அதைச் செய். டாக்டர் கேட்கிறதும் நம் பாட்டிமார் செய்ததும் ஒன்றுதான், பெயர்தான் வேறு. உன் முழங்காலோடு தரையில் உட்காராதே, கட்டில்மேலேயே காலை நீட்டிக்கொள். ஆனால் மூக்கில் எண்ணெய் விடுவதும் வாயால் ஊதுவதும் வேண்டவே வேண்டாம். அந்தப் பழக்கத்தை நிறுத்தச் சொல்லித்தான் என் தொண்டை வற்றியது.

தரைக்கு வரும்போது மெத்தையோ குவில்ட்டோ வேண்டாம், அமுங்காத விரிப்பாக இருக்கட்டும். ஒரு துண்டைச் சுருட்டி நெஞ்சுக்கு அடியில் கொடுத்து, இரண்டு கையையும் அதற்கு முன்னால் எடுத்துவிட்டால் எம்பிப் பார்ப்பது சுலபம். எதிரே நீயும் குப்புறப் படுத்து முகத்தைக் காட்டு; முடியாவிட்டால் ஒரு கண்ணாடியைச் சாய்த்து வை. பால் குடித்த கையோடு போட்டால் கக்குவான். தூங்கி எழுந்து டயபர் மாற்றுகிற நேரம்தான் எனக்குத் தெரிந்து நல்ல நேரம். சிணுங்கினால் இன்னும் சில நொடி கொஞ்சிப் பார்க்கலாம், வீறிட்டால் தூக்கிவிடு. பழகட்டும் என்று அழவிடுகிற கட்சி நான் இல்லை.

நித்யா ஃபோனில் டைமர் வைக்கிறாள் என்றாயே, அதைப் பிடுங்கி வை. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது, தவழாத குழந்தைக்கு விழித்திருக்கும்போது நாள் முழுக்கச் சேர்த்து அரைமணியாவது என்று. ஒரேயடியாக அரைமணி இல்லை. இரண்டு நிமிஷம், மூன்று நிமிஷமாகச் சேர்ந்தால் போதும்.

இப்போது உன் சம்பந்தியம்மா விஷயம். குப்புறப் போட்டால் நன்றாகத் தூங்குகிறான், அப்படியே விடு என்கிறார் அல்லவா? இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதே. அமெரிக்காவிலேயே ஒரு காலத்தில் குப்புறத்தான் தூங்க வைத்தார்கள். காரணம் தெரியாமல் தூக்கத்திலேயே குழந்தைகள் இறப்பதற்கும் அதற்கும் தொடர்பு தெரிந்து, 1992-இல் அங்குள்ள குழந்தை மருத்துவர் சங்கம் வேண்டாம் என்றது. 1994-இல் மல்லாக்கப் படுக்க வைக்கச் சொல்லி நாடு முழுக்கப் பிரச்சாரம் செய்தார்கள். அடுத்த பத்து வருஷத்துக்குள் அந்த மரணங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. எப்போதும் மல்லாந்தே கிடப்பதால் சில குழந்தைகளுக்குப் பின்மண்டை தட்டையாகிறது, அதற்காகவும்தான் விழித்திருக்கும்போது குப்புறப் போடச் சொல்வது. குப்புறக் கிடக்கும்போதே கண் அசந்தால் மெல்லத் திருப்பிப் போடு.

மண்டை உருண்டையாக வர கடுகுத் தலையணை கேட்டிருந்தாய். அனுப்ப மாட்டேன். இந்த வயதுக்குத் தலையணையே கூடாது. மண்டை பெரும்பாலும் தானாகச் சரியாகும். ஆனால் எப்போதும் ஒரே பக்கமாகத்தான் தலையைத் திருப்புகிறான் என்றால் கழுத்துத் தசை இறுகியிருக்கலாம், அதை டாக்டரிடம் காட்டியாக வேண்டும். நித்யாவிடம் மறக்காமல் சொல்.

நாலாம் மாதத்தில் முழங்கையை ஊன்றுவான், ஆறாம் மாதத்தில் கையை நீட்டி எம்புவான். ஒன்றிரண்டு வாரம் முன்பின் ஆகும், பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிட வேண்டாம். காலமெல்லாம் வகுப்பில் பிள்ளைத்தமிழ் நடத்தியவள் நீ. ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, கை ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடும் செங்கீரைப் பருவத்தை ஐந்தாம் மாதத்துக்கு வைத்தார்கள் என்று உனக்கா நான் சொல்ல வேண்டும்? அதை நேரில் பார்த்துவிட்டே ஊருக்கு வா, விசாவில் இன்னும் நாள் இருக்கிறது அல்லவா?

உன் வீட்டு வரியைக் கட்டிவிட்டேன். மாடித் தொட்டி நிரம்பி வழிந்தது, பிளம்பரைக் கூப்பிட்டு வால்வை மாற்றியாயிற்று. கணக்கு எழுதி வைத்திருக்கிறேன், வந்து கொடு. முருங்கை மட்டும் காய்த்துத் தள்ளுகிறது, அதற்கு நான் கணக்குச் சொல்வதாக இல்லை.

அன்புடன்,
மல்லிகா