தையல் கடைத் தங்கைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பானு,

நேரில் சொன்னால் "சரிக்கா, பாக்கலாம்" என்று மிஷின் பக்கம் திரும்பிக்கொள்வாய். தீபாவளித் துணி வந்து குவிவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எம்.சி. ரோட்டில் புடவை எடுத்த கையோடு பையைத் தூக்கிக்கொண்டு உன் கடைக்கு வருகிறார்கள். பழைய வண்ணாரப்பேட்டையில் இத்தனை டெய்லர்கள் இருந்தும் உன்னைத் தேடி வருவது எனக்குப் பெருமைதான். ஆனால் ராத்திரி பத்தரைக்குக் கழுத்து டிசைன் போட்டோவும் வாய்ஸ் மெசேஜும் வந்தால், பாதிச் சாப்பாட்டில் தட்டை ஒதுக்கிவிட்டுப் பதில் போடுகிறாயே, அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"முடியாதுன்னு சொன்னா வேற கடைக்குப் போயிடுவாங்கக்கா" என்கிறாய். அப்படி எனக்குத் தோன்றவில்லை பானு. முடியாது என்று முதலிலேயே சொன்ன டெய்லரை யாரும் ஏசி நான் கேட்டதில்லை. 'நாளைக்கு வாங்க' என்று நாலு நடை நடக்கவிட்டவரைத்தான் தெருவே ஏசும். வருகிற எல்லோருக்கும் தலையாட்டினால் யாரோ ஒருத்தருக்குச் சொன்ன தேதி பொய்யாகத்தான் போகும்.

அவசரத் தையலில் வேலையும் கெடுகிறது. காட்டன் லைனிங்கை நனைத்து, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகுதானே வெட்டுவாய்? "சாயங்காலமே வேணும்" என்று நிற்கிறவருக்காக அதை விட்டுவிட்டால், முதல் துவையலிலேயே உள்துணி சுருங்கி மேல்துணி சுருக்கம் சுருக்கமாக நிற்கும், அக்குளில் பிடிக்கும். அப்போது அவர் அவசரப்படுத்தியது யாருக்கும் நினைவிருக்காது. பானு தைத்தது என்றுதான் பேசுவார்கள். அந்த ஒரு நாளை நீ தயங்காமல் கேட்டு வாங்கு.

கடைக்குத் தனி சிம் போடு. வாட்ஸ்அப் பிசினஸில் கடை நேரத்தைப் பதிந்து, கடை மூடியிருக்கும்போது போக வேண்டிய பதிலையும் ('அவே மெசேஜ்') எழுதி ஆன் செய்து வைத்தால், மூடிய பிறகு வரும் மெசேஜுக்கு அதுவே பதில் அனுப்பிவிடும். அந்த போன் ராத்திரி மேஜை டிராயரிலேயே கிடக்கட்டும். துணியை வாங்கும்போதே பாதி முன்பணம், தேதி எழுதிய சீட்டு. கூடத் தைக்கிற பெண்ணோடு உட்கார்ந்து தீபாவளிக்குள் எத்தனை பிளவுஸ் முடியும் என்று கணக்குப் போடு. அது நிரம்பிய அன்றே 'தீபாவளி ஆர்டர் முடிந்தது' என்று அட்டையை மாட்டிவிடு. ஆரி வேலை கேட்பவர்களுக்கு இன்னும் முன்னாலேயே கதவை மூடு. அது உன் கண்ணைத் தின்கிற வேலை.

சொந்தக்காரர்கள் விஷயம்தான் கஷ்டம். "நம்ம பொண்ணுதானே" என்று அத்தை அளவு ஜாக்கெட்டோடு வந்து நிற்கும்போது உனக்கு வாய் வராது. வேண்டுமானால் கூலியைக் குறைத்துக்கொள். வரிசையை மட்டும் மாற்றாதே. அத்தைக்கு முன்னால் துணி கொடுத்துவிட்டு இன்னொருத்தி கல்யாணத்துக்குக் காத்திருக்கிறாள்.

தாத்தா பின்னி மில்லில் இருந்தவர். ஆலைச் சங்கு ஊதினால் வேலை முடிந்தது என்று அர்த்தம். அந்த மில் தொழிலாளர்களுக்காக 1918-ல் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தபோது, சாப்பாட்டு நேரம் போதவில்லை என்பதும் அவர்கள் சொன்ன குறைகளில் ஒன்று. சங்கம் அமைக்க முன்நின்ற செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் உன்னைப் போல வியாபாரம் செய்தவர்கள்தான். வாரத்தில் ஒரு நாள் கடையை முழுக்க மூட வேண்டும், எந்த நாள் என்று எழுதி மாட்ட வேண்டும் என்று 1947-லேயே நம் மாநிலக் கடைகள் சட்டம் சொல்லிவிட்டது. உன் கடைக்குச் சங்கு ஊத ஆள் இல்லை. நேரத்தை நீதான் சொல்ல வேண்டும். செவ்வாய்க்கிழமை கூட்டம் குறைவு என்பாயே, அந்த நாளையே வைத்துக்கொள்.

புதன்கிழமை என் துணி இரண்டைக் கொண்டு வருகிறேன். முன்பணம் வாங்கிக்கொண்டு, வரிசைப்படி தேதி போட்டுச் சீட்டுக் கொடு. தீபாவளிக்குப் பிறகுதான் என்றாலும் சரி.

அன்புடன்,
அக்கா