மன்னார்க் கடலைப் பற்றி, சுன்னாகத்திலிருந்து

அன்புள்ள யோகன்,

உன் கடிதம் சென்ற கிழமை கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்ததையும், உன் முழங்கால் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்ததையும் அறிந்து வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தோம். இங்கு அனைவரும் சுகம்.

மன்னார்க் கடலுக்கு அடியில் எரிவாயு இருக்கும்போது, 2022 இல் பெற்றோலுக்கும் சமையல் எரிவாயுவுக்கும் நாட்கணக்கில் வரிசையில் நின்ற நாடு அதை எடுக்காமல் விடுவது மடமையில்லையா என்று கேட்டிருந்தாய். கல்கரியில் எண்ணெய்த் துறையிலேயே வாழ்நாளைக் கழித்தவன் நீ என்பதால் இதை நான் தட்டிக்கழிக்க முடியாது. ஆனாலும், அதை எடுக்கக் கூடாது என்பதே என் பதில்.

எங்கள் ஊர்க் கிணறுகளுக்கு என்ன நடந்தது என்பதை நீ தொலைவிலிருந்துதான் கேள்விப்பட்டிருப்பாய். மின் உற்பத்தி நிலையமொன்றின் கழிவெண்ணெய் மண்ணுக்குள் இறங்கி, சுற்றுவட்டாரக் கிணறுகளில் மிதக்கத் தொடங்கியது. வாளியை இழுத்தால் தண்ணீரின் மேல் நிறம் நிறமாய் ஒரு படலம் அசையும். முகம் கழுவினாலும் மணம் போகாது. பவுசரில் வரும் தண்ணீருக்காகப் பெண்கள் குடங்களோடு ஒழுங்கையில் காத்திருந்தார்கள். வற்றாத ஆறில்லாத இந்த யாழ்ப்பாணக் குடாநாட்டில் சுண்ணக்கல்லின் வெடிப்புகளுக்குள் தேங்கிய மழைநீர்தான் எங்கள் குடிநீர். ஓரிடத்தில் இறங்கிய அழுக்கு அந்த வெடிப்புகள் வழியே எங்கே போகும் என்று எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. 2019 இல் உயர் நீதிமன்றம் அந்த நிலையத்தை நடத்திய நிறுவனத்தை இரண்டு கோடி ரூபா இழப்பீடு செலுத்த உத்தரவிட்டது. தீர்ப்பு வந்ததில் எனக்கு நிறைவுதான், ஆனால் கல்லுக்குள் இறங்கியதை எந்தத் தீர்ப்பாலும் வெளியே எடுக்க முடியாது.

மன்னார்க் கடலில் 2011 இல் தோண்டிய இரண்டு கிணறுகளில் வாயு கிடைத்தது. தோண்டிய நிறுவனம் 2015 இல் விலகியது. அங்கே கடலின் ஆழம் 1300 மீற்றருக்கும் மேல் என்பதால் கரைக்குப் பாதிப்பில்லை என்று நீ வாதிடலாம். மெக்சிக்கோ வளைகுடாவில் 2010 இல் வெடித்த எண்ணெய்க் கிணறும் ஏறத்தாழ 1500 மீற்றர் ஆழத்தில்தான் இருந்தது. பதினொரு தொழிலாளர்கள் மாண்டார்கள். உலகின் மிகப் பெரிய நிறுவனங்களும் கப்பல்களும் அருகிலேயே இருந்தும் கசிவை நிறுத்த 87 நாட்கள் சென்றன. அது எண்ணெய், இது பெரும்பாலும் வாயு என்ற வேறுபாட்டை நான் மறுக்கவில்லை. ஆயினும் 2021 இல் கொழும்புக்கு அருகே சரக்குக் கப்பலொன்று எரிந்து மூழ்கியபோது, கரையொதுங்கிய பிளாஸ்ரிக் மணிகளை மனிதர்கள் கையாலும் அரிதட்டாலும் அள்ளிக்கொண்டிருந்ததைப் பார்த்தோமே! ஆழ்கடலில் ஒன்று நடந்தால் எதைக் கொண்டு எதிர்கொள்வோம்?

எடுக்கும் வாயு குழாய் வழியாகவோ கப்பலிலோ ஆழமற்ற கடலைத் தாண்டித்தானே கரைக்கு வர வேண்டும். அந்தக் கடலில்தான் பவளப் பாறைகளும், கடற்பசுக்கள் மேயும் புல்வெளிகளும் இருக்கின்றன. தீவுப் பகுதியில் சாதாளை என்ற கடற்புல்லை அள்ளித் தோட்டத்துக்குப் பசளையாக இட்டவர்கள் நம் முன்னோர். அந்தப் புல்லுக்குள்தான் இறால் குஞ்சும் ஓரா மீனும் வளர்கின்றன. களங்கட்டி என்னும் மீன்பொறி வைத்துப் பிழைக்கும் குடும்பத்துக்கு வாயு வருமானத்தில் ஒரு சதமும் வந்து சேரப் போவதில்லை. கேடு வந்தால் மட்டும் முதலில் அவர்கள் வாசலுக்கு வரும்.

இந்த ஏற்றத்தாழ்வு தென் அமெரிக்க நாடான எக்குவடோரில் இன்னும் அப்பட்டமாகத் தெரிகிறது. அங்கே அமேசன் காட்டில் 1960களில் எண்ணெய்ப் பணியைத் தொடங்கிய டெக்சாகோ என்ற அமெரிக்க நிறுவனம், எண்ணெயோடு மேலே வரும் கழிவுநீரை அடியில் எந்தக் காப்பும் இல்லாத குழிகளில் விட்டது. அதே நாட்டின் யசூனிக் காட்டில் ஒரு ஹெக்டேயரிலேயே 600 இற்கும் மேற்பட்ட மர இனங்கள் உள்ளன. வெளியுலகத் தொடர்பை விரும்பாத மக்களும் அங்கு வாழ்கிறார்கள். எண்ணெயை மண்ணிலேயே விட்டுவிடுகிறோம், இழக்கும் வருமானத்தில் பாதியையாவது உலகம் தரட்டும் என்று 2007 இல் அந்த அரசு கேட்டது. உலகம் கொடுத்தது சொற்பம். 2013 இல் திட்டம் கைவிடப்பட்டு, 2016 இல் எண்ணெய் எடுக்கத் தொடங்கினார்கள். 2023 ஓகஸ்ட் வாக்கெடுப்பில் ஏறத்தாழ 59 வீதமானோர் நிறுத்துமாறு வாக்களித்தார்கள். ஓர் ஆண்டுக்குள் முடிக்க வேண்டிய வேலைக்கு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் தேவை என்றது அரசு. நாடே வாக்களித்தும் உடனே நிறுத்த முடியவில்லை என்பதால்தான், முதல் குழாய் இறங்குவதற்கு முன்பே நாம் மறுக்க வேண்டும் என்கிறேன். கொஸ்தா ரிக்கா எண்ணெய் எடுக்கத் தொடங்கும் முன்பே தடை விதித்தது; பெலீசு தன் கடலில் எண்ணெய் தேடுவதைத் தடை செய்தது. அப்போது அவையும் செல்வந்த நாடுகளாக இருக்கவில்லை.

மின்சாரத்துக்கு வழி என்ன என்று கேட்பாய். மன்னாரில் காற்றாலைகள் சுழல்கின்றன. அவற்றையும் பறவைகளின் வலசைப் பாதையில் நட்டுவிட்டார்கள் என்ற குறை எனக்குண்டு. அதைப் பிறிதொரு கடிதத்தில் எழுதுகிறேன்.

உன்னிடம் ஒரு வேண்டுகோள். கடலில் தோண்டும்போது வெளிவரும் சேற்றையும் கழிவுநீரையும் உங்கள் துறையில் உண்மையில் என்ன செய்கிறார்கள், அதைக் கண்காணிப்பது யார், மீறினால் என்ன நடக்கிறது என்பதை ஒளிவுமறைவின்றி எழுதி அனுப்பு. மன்னாரிலுள்ள பேசாலைக் கடற்றொழிலாளர் சிலர் இதை என்னிடம் கேட்டிருக்கிறார்கள். உள்ளே இருந்தவன் சொன்னால் அவர்களுக்குப் பயன்படும்.

அன்புடன்,
சிவம்