பாரீஸுக்கு மாப்பிள்ளையை அழைத்துப் போகும் முன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லிக்கொண்டே வேறு வேலை பார்ப்பாய். அதனால்தான் பேனாவை எடுத்தேன். மாப்பிள்ளைக்குப் பழைய மெட்ராஸை, அதாவது நம் பாரீஸை (பாரிமுனைப் பக்கத்தை), சுற்றிப் பார்க்க ஆசை, காலையில் நடத்திக் கூட்டிப்போய்க் காட்டுகிறவர்களிடம் பணம் கட்டலாமா என்று கேட்டாய். கட்டுங்கள், தப்பில்லை. விவரம் தெரிந்து சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அப்படி வரும் கூட்டத்தை லிங்கிச் செட்டித் தெருவில் எங்கள் ஆபீஸ் வாசலில் நின்று நிறையப் பார்த்தவன் நான். எல்லாரும் தலையைத் தூக்கி மாடியில் இருக்கிற மரச் சன்னலையும் தூணையும் படம் எடுப்பார்கள். கீழே கடையைத் திறக்க வந்தவர், படத்தில் விழக்கூடாதே என்று சாவிக்கொத்தோடு ஒதுங்கி நிற்பார். பத்து மணிக்கு அவர்கள் டிபன் சாப்பிடக் கிளம்பிவிடுவார்கள். பாரீஸ் சோம்பல் முறித்து எழுவதே அந்தப் பத்து மணிக்குத்தான்.

முட்டி ஆபரேஷன் ஆகாமல் இருந்தால் நானே கூட வந்திருப்பேன். இப்போது வாசற்படி இறங்குவதற்கே உன் அம்மாவிடம் அனுமதி வாங்க வேண்டியிருக்கிறது. ஆகவே இந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு நீங்கள் இரண்டு பேரும் போய் வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம், பாதிக்கு மேல் ஷட்டர் இறங்கியிருக்கும்.

திருவொற்றியூரில் மெட்ரோ ஏறி உயர் நீதிமன்றம் ஸ்டேஷனில் இறங்குங்கள். மேலே வந்தால் பாரி கட்டடம். தாமஸ் பாரி 1788இல் இங்கே வந்த வேல்ஸ்காரர். அவர் கம்பெனி பெயர்தான் நாலு தெருவுக்குச் சேர்த்து ஊர்ப் பெயராக நிலைத்துவிட்டது. கட்டடத்தின் மூலையில் ஒரு கல் தூண் நிற்கும், காட்டு. 1746இல் பிரெஞ்சுக்காரன் வந்து செயின்ட் ஜார்ஜ் கோட்டையைப் பிடித்த பயத்தில், பீரங்கிக்கு முன்னால் மறைப்பே இருக்கக்கூடாதென்று கோட்டைப் பக்கம் இருந்த வீடுகளை இடித்துத் தள்ளினார்கள். இதைத் தாண்டிக் கட்டாதே என்று 1773இல் நட்ட ஆறு எல்லைக் கல்லில் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். கறுப்பர் பட்டணம் என்று அழைத்துக்கொண்டிருந்த இடத்துக்கு 1911இல் ராஜா பெயரை வைத்து ஜார்ஜ் டவுன் ஆக்கினார்கள். எதிரே ஹைகோர்ட், 1892இல் கட்டியது. அதன் உச்சிக் கோபுரம் 1977 வரை கலங்கரை விளக்கமாகவும் இருந்தது. வக்கீலுக்கும் மாலுமிக்கும் ஒரே கட்டடம். சரித்திரம் இவ்வளவு போதும்.

இனிமேல் கடை. புனேயில் கிரகப்பிரவேசத்துக்குத் தாம்பூலப் பையெல்லாம் ஆன்லைனில் போட்டுவிட்டதாகச் சொன்னாய். முடிந்தால் கேன்சல் பண்ணு. பந்தர் தெருவுக்கும் தேவராஜ முதலி தெருவுக்கும் போய்க் கையில் தொட்டுப் பார்த்து வாங்கு.

ஒரே தெருவில் ஒரே சரக்கை விற்று இத்தனை பேர் எப்படிப் பிழைக்கிறார்கள் என்று ஸ்கூல் படிக்கும்போது கேட்டாய். அன்றைக்கு ஏதோ சொல்லிச் சமாளித்தேன். இப்போது சொல்கிறேன். வேலூரிலும் நெல்லூரிலும் கடை வைத்திருக்கிறவர் கொள்முதலுக்கு வரும்போது கடைப் பெயரைத் தேடிக்கொண்டு வருவதில்லை, தெருவைத் தேடி வருகிறார். காகிதமா, ஆண்டர்சன் தெரு. துணியா, கோடவுன் தெரு. கெமிக்கலா, நைனியப்ப நாயக்கன் தெரு. ஒருவர் விலையை ஏற்றினால் அடுத்த வாசலில் தெரிந்துவிடும், அதனால் யாரும் ரொம்ப ஏற்றவும் முடியாது. நீ கேட்டது கடையில் இல்லையென்றால் இல்லை என்று சொல்ல மாட்டார். "உக்காருங்க" என்பார். பையன் ஓடுவான், பக்கத்துக் கடையிலிருந்து சரக்கு வரும், சாயங்காலம் அவர்களுக்குள் கணக்குத் தீர்த்துக்கொள்வார்கள். போட்டிக்காரன்தான் குடோன்.

உன் கல்யாணப் பத்திரிகைக்கு ஆண்டர்சன் தெருவுக்குப் போனபோது நடந்தது. எனக்குப் பளபளவென்று ஒரு சிவப்பு அட்டை பிடித்திருந்தது. கடைக்காரர் அதே அட்டையில் ஒரு துண்டை எடுத்து நீளவாட்டில் மடித்தார், மடிப்பு சுத்தமாக விழுந்தது. அதையே குறுக்கே மடித்தார். மேல்பூச்சு வெடித்து உள்ளே இருந்த வெள்ளை கோடாகத் தெரிந்தது. "நீங்க எடுத்த டிசைனுக்கு மடிப்பு குறுக்கதான் சார் வரும். நூறு பேர் கையில போய்ச் சேர்றதுக்குள்ள இப்படித்தான் ஆகும்" என்று சொல்லிவிட்டு, விலை குறைந்த வேறொன்றை எடுத்துப் போட்டார். எனக்கு அன்று மிச்சமான பணத்தைவிட, அந்த மடிப்பு இன்னும் ஞாபகம் இருக்கிறது. எந்த போன் ஸ்கிரீனில் மடித்துக் காட்டுவான், சொல்லு.

மளிகைக்கு கோவிந்தப்ப நாயக்கன் தெரு. கொத்தவால் சாவடி காய்கறி மார்க்கெட்டை 1996இல் கோயம்பேட்டுக்கு மாற்றின பிறகும் மளிகைக்காரர்கள் பெரும்பாலும் இடத்தை விடவில்லை. கிராம்பு வாங்கினால் ஒன்றை எடுத்து நகத்தால் அழுத்திப் பார். எண்ணெய் கசிந்தால் நல்லது, காய்ந்து பொடிந்தால் எண்ணெயை ஏற்கனவே இறக்கிவிட்ட சரக்கு. ஏலக்காய்க்கு எத்தனை எம்எம் என்று கேள், சல்லடை கணக்கு அது. கேட்ட உடனே உன்னைப் பார்க்கிற பார்வை மாறும்.

எப்படிக் கேட்பது என்பதும் முக்கியம். உள்ளே போனதும் "சில்லறையா குடுப்பீங்களா?" என்று முதலில் கேட்டுவிடு. சில பேர் மாட்டேன் என்பார்கள், கோபித்துக்கொள்ளாதே, அவர் மூட்டைக் கணக்கில் ஓடுகிறவர். டஜன் விலையைக் கேட்டுக்கொண்டு அந்த விலைக்கு ஒன்று கொடு என்று நிற்காதே. திறந்த உடனே முதல் ஆளாக நுழைந்தால் ஏதாவது சின்னதாக ஒன்றாவது வாங்கிவிடு. போணி ஆகாமல் வெறுங்கையோடு திரும்பினால் அவர் மனசு நாள் முழுக்க உறுத்தும். பூக்கடை நடைபாதையில் முழம் போடுகிற அம்மாவிடம் ஐந்து ரூபாய்க்கு வாதாடாதே. ஏசி கடையில் அச்சடித்த விலையை நீ அப்படிக் கேட்பதில்லை.

இன்னொன்றையும் நேராகவே சொல்லிவிடுகிறேன். உள்ளூர் வியாபாரத்தை ஆதரிக்கணும் என்று பேசுகிறவர்கள், பாரீஸில் விற்பதெல்லாம் இங்கேயே செய்தது மாதிரி பேசுவார்கள். காசி செட்டித் தெருவில் பாதிப் பொருள் சைனா, கோடவுன் தெருத் துணியில் நிறைய சூரத். கப்பல் சரக்குக்குச் சுங்க வேலையை முடித்துக் கொடுக்கிற எங்கள் கிளியரிங் ஆபீஸ் சோறு போட்டதே வெளியூர்ச் சரக்கால்தான், துறைமுகத்துப் பக்கத்தில் வேறென்ன இருக்கும்? சரக்கு எங்கிருந்தோ வந்துவிட்டுப் போகட்டும். அதை இறக்கும் லோடுமேன், மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் சரக்கு ஓட்டுகிறவர், கல்லாவில் இருக்கிறவர், டீ கொண்டுவரும் பையன், இவர்கள் இங்கேதான் இருக்கிறார்கள். எல்லாப் பொருளும் அங்கே மலிவு என்றும் நினைக்காதே. சிலது ஆன்லைனில் குறைவாகவே கிடைக்கும், அதை அதிலேயே வாங்கிக்கொள்.

மாப்பிள்ளைக்குப் பிடிக்கிற பழைய கட்டடங்களும் இந்தக் கல்லாப்பெட்டியை நம்பித்தான் நிற்கின்றன. கீழே கடை வாடகை வருகிற வரை ஓட்டை மாற்றுவார்கள், ஒழுகுவதை அடைப்பார்கள். மாதவரம், செங்குன்றம் பக்கம் குடோன் போட்டுக்கொண்டு வியாபாரி நகர்ந்துவிட்டால் பூட்டு தொங்கும். பவழக்காரத் தெருவில் நடக்கும்போது எந்த வீடு நன்றாக இருக்கிறது, எது அரசமரம் முளைத்து நிற்கிறது என்று பார்த்தாலே புரிந்துபோகும்.

வழியில் ஆர்மீனியன் தெருவில் 1772இல் கட்டிய ஆர்மீனியர் தேவாலயம் இருக்கிறது, திறந்திருந்தால் உள்ளே போய் உட்காருங்கள், சத்தமே இருக்காது. செவ்வாய்க்கிழமை என்றால் பக்கத்தில் அந்தோணியார் கோயில் கூட்டம் தெருவை அடைத்துக்கொள்ளும். தம்புச் செட்டித் தெருவில் காளிகாம்பாள். 1677இல் சிவாஜி வந்து கும்பிட்டதாகக் கோயிலில் சொல்வார்கள். நேரம் இருந்தால் வள்ளலார் பாடிய கந்தகோட்டம்.

கடல் எங்கே என்று மாப்பிள்ளை நிச்சயம் கேட்பார். ராஜாஜி சாலையில் நிறுத்தி, இதுதான் கடற்கரை என்று சொல். ஃபர்ஸ்ட் லைன் பீச் என்றுதான் அதற்குப் பழைய பெயர். கப்பல்கள் தூரத்தில் நிற்க, மசூலாப் படகுகளில் ஆளும் சரக்கும் அலையில் நனைந்து கரைக்கு வந்த இடம். 1875இல் துறைமுகச் சுவர் கட்ட ஆரம்பித்தார்கள், 1881இல் புயல் வந்து அடித்துப் போட்டது, மறுபடியும் கட்டினார்கள். கடல் அப்படியே விலகிப் போய்விட்டது. இப்போது சுவரும் கன்டெய்னரும்தான் தெரியும். நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஷிப்பிங் பில்லைக் கையில் பிடித்துக்கொண்டு கஸ்டம்ஸ் ஹவுஸுக்கு ஓடுகிற பையன்கள் தெரு முழுக்க இருந்தார்கள். எல்லாம் கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. அந்தப் பையன்கள் டீ குடித்த கடைகளில் பலவும் இன்று இல்லை.

சாயங்காலம் ஆனதும் பர்மா பஜார் பக்கம் வந்துவிடுங்கள். 1962இல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்த பிறகு உடுத்திய துணியோடு திரும்பிவந்த நம் ஜனங்களுக்காக 1969இல் அமைந்த கடைகள். அப்போது சென்ட்டும் டேப் ரெக்கார்டரும், இப்போது செல்போன் கவர். எனக்கு அதில் பெரிய ஈடுபாடு இல்லை. பின்னால் செகண்ட் லைன் பீச்சில் நிற்கிற அத்தோ வண்டிகளுக்காகத்தான் சொல்கிறேன். ஆரஞ்சு நிற நூடுல்ஸைக் கையாலேயே அள்ளிப் போட்டு, முட்டைக்கோஸ், வெங்காயம், பொரித்த பூண்டு எண்ணெய், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், மேலே நொறுக்கின பேஜோ (மொறுமொறுவென்று பொரித்த தட்டை), எலுமிச்சை பிழிந்து ஒரு பிசை. கூடவே வாழைத்தண்டு சூப், கேட்கக் கேட்க ஊற்றுவார்கள். காரம் கம்மி என்று முதலிலேயே சொல்லிவிடு, மாப்பிள்ளை கோயம்புத்தூர்க்காரர். முட்டையைப் பிளந்து வெங்காயம் அடைத்துத் தருவார்கள், அதையும் விடவேண்டாம். இனிப்பு வேண்டுமென்றால் மின்ட் தெரு வரை நடந்து காக்கடா மிட்டாய்க் கடையில் ஜிலேபியும் பாதாம் பாலும். ஆனால் அத்தோ சாப்பிட்ட வயிற்றில் பால் வேண்டாம், இரண்டில் ஒன்று.

பெரிய துணிப்பை இரண்டு கொண்டுபோங்கள். பாரம் அதிகமானால் நீங்களே சுமக்காமல், கடையிலேயே கேட்டால் ஸ்டேஷன் வரை கொண்டுவந்து விட ஆள் சொல்வார்கள். கூலியை முன்னாடியே பேசி, அதற்கு மேல் பத்து இருபது கொடுத்துவிடு.

பக்கத்தில் நின்று உன் அம்மா சொல்லச் சொல்ல எழுதுகிறேன்: கால் கிலோ கிராம்பு, அரைக் கிலோ உடைத்த முந்திரி (முழு முந்திரி வேண்டாமாம், பாயசத்துக்குத்தானாம்), நாட்டு மஞ்சள் ஒரு கிலோ, பூஜைக்குக் கட்டிக் கற்பூரம். எந்த ரயிலில் வருகிறீர்கள் என்று டிக்கெட் போட்டதும் சொல்லு. தாம்பூலப் பை எத்தனை வேண்டும் என்பதையும் சேர்த்து அனுப்பு. பந்தர் தெருவில் எனக்குத் தெரிந்த கடைக்காரருக்குப் போன் போட்டு எடுத்து வைக்கச் சொல்கிறேன். கேன்சல் பண்ணிவிட்டாயா?

அன்புடன்,
அப்பா